மறுமுனை பிடிக்கிற ஆள்

தான் மாட்டிய கண்ணாடிக் கதவிலேயே தானே போய் முட்டி மண்டையை உடைத்துக்கொண்ட மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் அவருக்குத்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன்.

ஒரு துணிக்கடைக்குப் புதுக் கதவு. ஆள் உயரத்துக்கு மேலே ஒரே கண்ணாடி. மாட்டி முடித்து, துடைதுடையென்று துடைத்து, "கண்ணாடி இருக்கிறதே தெரியக் கூடாது, அப்பத்தான் அது வேலை" என்று கடைக்காரரிடம் பெருமையடித்துவிட்டு வெளியே வந்திருக்கிறார். அளவு நாடாவை உள்ளேயே விட்டுவிட்டது நினைவுக்கு வர, விறுவிறுவென்று திரும்பியிருக்கிறார். கண்ணாடி இருக்கிறதே தெரியவில்லை. வேலை அவ்வளவு சுத்தம். கதவில் ஒரு கீறல்கூட இல்லை. இவர்தான் மல்லாந்து கிடந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உயிருக்கு ஒண்ணும் பயமில்லைங்க. ஆனா போன ஒரு வருஷம் அவருக்கு ஞாபகம் இல்ல. திரும்பி வரலாம், வராமலும் போகலாம். போட்டுக் குடையாதீங்க."

"டாக்டர், இவருக்கு நேத்து வாங்கிட்டு வரச் சொன்னதே இன்னிக்கு ஞாபகம் இருக்காது. இதுல புதுசா என்ன?" என்றேன். டாக்டர் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

உள்ளே போனால், தலையில் கட்டோடு படுத்துக்கொண்டு என்னைப் பார்த்து முதலில் கேட்ட கேள்வி: "அண்ணன் எங்க? இன்னும் வரலியா?"

கட்டிலைச் சுற்றி நின்ற எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன். அண்ணனும் தம்பியும் பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த எட்டு மாதமும் இவர் தலையிலிருந்து சுத்தமாகத் துடைபட்டுப் போயிருந்தது.

எங்களுடையது கண்ணாடிக் கடை. ஜன்னலுக்கு, கதவுக்கு, மேசைக்கு, முகம் பார்க்க என்று எல்லாக் கண்ணாடியும் உண்டு. அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தியது. கீழே கடை; மாடியில் எதிரெதிரே இரண்டு வீடு. பெரிய கண்ணாடியை ஒற்றை ஆளாகத் தூக்க முடியாது. முன்முனையில் ஒருவர், பின்முனையில் ஒருவர். பின்னால் வருகிறவருக்கு வழி தெரியாது. முன்னவர்தான் "படி" என்பார், "மேடு" என்பார், "திருப்பம்" என்பார். பின்னவர் "ம்" என்பார். அந்த "ம்" வராமல் அடுத்த அடி வைக்கக் கூடாது. எது நடந்தாலும் கையை விடவும் கூடாது. மூக்கு அரித்தாலும் விடக் கூடாது, தேள் கொட்டினாலும் விடக் கூடாது. ஒருவர் விட்டால் மற்றவர் கால் போய்விடும். கல்யாணமாகி வந்த புதிதில் இந்த "படி", "ம்", "மேடு", "ம்" என்பதைக் கேட்டு, என்னடா இது, இரண்டு பேரும் ஏதோ மந்திரம் சொல்கிறார்களே என்று நினைத்திருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு ஹோட்டலின் முகப்புக் கண்ணாடி விரல் அகலம் சின்னதாகப் போய்விட்டது. அளவெடுத்தவர் மூத்தவர். அண்ணனை அப்படித்தான் சொல்வேன், மூத்தவர் என்று. அளவு தப்பா, சட்டமே கோணலா, யாருக்குத் தெரியும்? ஹோட்டல் முதலாளி நிற்கிறார், வேலையாட்கள் நிற்கிறார்கள். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"கண்ணும் போச்சு, கணக்கும் போச்சு. இனிமே நீ அளவெடுக்காதே. ஓரமா உட்கார்ந்து வர்றவங்களுக்குத் தண்ணி குடு."

மூத்தவர் நாடாவைச் சுருட்டித் தம்பி கையில் வைத்துவிட்டு நடந்தே வீடு வந்து சேர்ந்தார். மறுநாள் கடைக்கு நடுவே மூத்தவர் கையால் பலகைத் தடுப்பு எழுந்தது. நீரடித்து நீர் விலகாது என்பார்கள். பலகை அடித்தால் நன்றாகவே விலகுகிறது.

"போய் ஒரு வார்த்தை மன்னிச்சுக்கன்னு சொல்லுங்களேன்" என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "பேச்சை நிறுத்தினது யாரு? நானா?" என்று இவர் மீசையை முறுக்கினார். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. கொட்டியவரே குனிய மாட்டேன் என்றால் யார் அள்ளுவது?

கடைசியில் மூத்தவர் ஊரின் மறுகோடியில் கடையும் வீடும் பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டார். மாதக் கடைசியில் போகிறார்கள்.

போகட்டும், ஆம்பளைகள் எக்கேடோ கெடட்டும். ஆனால் அவரோடு என் ஓரகத்தியும் அல்லவா போகிறாள்! ஓரகத்தி என்றாலே குத்தலும் குடைச்சலும் என்று ஊரில் சொல்வார்கள். என் கதை வேறு. எனக்கு இந்த உலகத்தில் வாய்விட்டுச் சிரிக்க ஒரே ஒரு ஆள் உண்டென்றால் அது அவள்தான். இவர்கள் பேச்சு நின்ற பிறகும் எங்கள் சமையலறை ஜன்னல்கள் நிற்கவில்லை. இங்கிருந்து கிண்ணம் போகும், அங்கிருந்து கிண்ணத்தோடு ஊர்க்கதையும் வரும். அவள் இல்லாத அந்த ஜன்னலை நினைத்தாலே எனக்குச் சமையல் ஓடவில்லை.

அதனால்தான், ஆஸ்பத்திரியில் இவர் "அண்ணன் எங்க?" என்று கேட்டதும், பாவி மனசு, எனக்குள் ஒரு சந்தோஷம் துள்ளியது. அந்தச் சண்டை இவர் தலையில் இல்லை! மீசை முறுக்கு இல்லை!

அன்றைக்கு ஓரகத்தி என் காதோடு சொன்னாள்: "எங்க வீட்டுக்காரரு வாசல் வரைக்கும் வந்தாருடி. கதவுக் கண்ணாடி வழியா எட்டிப் பார்த்தாரு. மூச்சு வருதான்னு பார்த்துட்டுப் போயிட்டாரு." தானாடாவிட்டாலும் தசை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்த அன்றே வம்பு ஆரம்பமானது. கடைக்குள் நுழைந்தவர் தடுப்பைப் பார்த்து அப்படியே நின்றார்.

"இதென்னடி குறுக்க?"

"வெயிலுக்கு."

"கடைக்குள்ள என்னடி வெயிலு?"

"தூசிக்குங்க."

"தூசி இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். பலகைத் தடுப்பை எதில் மறைப்பது? நான் அடுத்த பொய்யைத் தேடிக்கொண்டிருக்கும்போதே இவர் தடுப்பைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

அங்கே மூத்தவர் ஒரு பெரிய முகக்கண்ணாடியின் முன்முனையைப் பிடித்து நின்றுகொண்டிருந்தார், வாசலைப் பார்த்தபடி. பின்முனையில் அவர் புதிதாகச் சேர்த்த உதவியாள். கண்ணாடியைத் தொட்டாலே கை உதறும் என்பதால் அந்த ஆளுக்கு 'நடுக்கம்' என்றே பெயர். நடுக்கம் அன்றைக்கும் நடுங்கிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் அவர் தோளைத் தட்டி விலக்கிவிட்டு, தலைக் கட்டோடு, அந்த முனையைப் பிடித்துக்கொண்டார்.

"ம்" என்றார்.

மூத்தவர் முதுகு விறைத்ததை நான் பார்த்தேன். அந்த "ம்" யாருடையது என்று அவருக்குத் தெரியாதா? கண்ணாடி ஏற்கனவே தரையைவிட்டு எழும்பிவிட்டது. விட முடியாது. திரும்பவும் முடியாது. வண்டிக்காரர் வெளியே ஹாரன் அடித்தார்.

"படி" என்றார் மூத்தவர்.

"ம்."

"மேடு."

"ம்."

எட்டு மாதத்துக்குப் பிறகு அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை! நான் ஓடிப்போய் ஜன்னலில் ஓரகத்தியைக் கூப்பிட்டேன். அவள் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். இரண்டு பேரும் அடி பிசகாமல் வண்டிவரை போனார்கள், கண்ணாடியைச் சாய்த்து வைத்தார்கள், கட்டினார்கள். அப்புறம் மூத்தவர் தம்பி முகத்தைக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

"அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா?" என்று இவர் என்னைக் கேட்டார். "கண்ணாடி வேற போட்டிருக்கு. எப்ப போட்டுது?"

சண்டைக்கு மறுவாரம் மூத்தவர் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டார். அதை இவர் இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறார். சண்டை ஞாபகத்தில் இருந்த எட்டு மாதமும் இவர் அண்ணன் முகத்தை நிமிர்ந்து பார்த்ததே இல்லை.

இந்த நேரத்தில்தான் என் தங்கை வந்து சேர்ந்தாள். கல்லூரியில் தத்துவம் நடத்துகிறாள். பேச ஆரம்பித்த நாளிலிருந்து எதைச் சொன்னாலும் "அதெப்படி?" என்பாள், அதனால் குடும்பத்தில் அவள் பெயரே 'அதெப்படி'. நான் நடந்ததையெல்லாம் கொட்டினேன். அவள் கண் பளபளத்தது. அத்தானுக்கு மண்டை உடைந்திருக்கிறது, இவளுக்குப் பாடம் கிடைத்த சந்தோஷம்!

"அக்கா, முந்நூறு வருஷத்துக்கும் முன்னால ஒரு தத்துவக்காரர் இதைத்தான் யோசிச்சாரு. நேத்து இருந்த நீயும் இன்னிக்கு இருக்கற நீயும் ஒரே ஆளுன்னு எதை வச்சுச் சொல்றே?"

"கண்ணாடியில பார்த்து" என்றேன்.

"அது உடம்பு. உடம்பு மாறிக்கிட்டே இருக்கு. அவர் சொன்னது ஞாபகம். நான்தான் இதைச் செஞ்சேன்னு உள்ளுக்குள்ள எதுவரைக்கும் எட்டிப் பார்க்க முடியுதோ, அதுவரைக்கும்தான் அது நீ. எட்டலைன்னா, அதைச் செஞ்சது நீயில்ல. இன்னிவரைக்கும் அதை வச்சுக்கிட்டு எங்க ஆளுங்க சண்டை போடறாங்க. குத்தவாளிக்கு ஞாபகமே இல்லைன்னா யாரைத் தண்டிக்கறதுன்னு வக்கீலுங்க வரைக்கும் குழப்பம்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "இரு. அப்போ அந்தப் பேச்சைப் பேசினது உன் அத்தான் இல்ல?"

"அவர் கணக்குப்படி, இல்ல."

"மகராசன்! எந்த ஊருக்காரரோ, நல்லா இருக்கணும்" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். ஓரகத்தியும் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அந்தத் தத்துவக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஞாபகத் தாத்தா'.

சாயங்காலம் மூத்தவர் கடையை ஒதுங்கவைத்துவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தார். நான், தங்கை, ஓரகத்தி மூன்று பேரும் போய் நின்றோம். மூன்று பெண்கள் சேர்ந்து வந்தாலே ஏதோ வில்லங்கம் என்று அவருக்குத் தெரியும். டம்ளரைக் கீழே வைத்தார்.

தங்கை பாடத்தை ஆரம்பித்தாள். நல்ல வாத்தியார்தான், கண்ணாடிக் கடையில் கண்ணாடியை வைத்தே சொன்னாள். "மாமா, ஒரு ஜன்னல்ல பழைய கண்ணாடியை எடுத்துட்டுப் புதுசு போட்டுட்டோம். சட்டம் அதேதான். ஆனா பழைய கண்ணாடியில இருந்த விரிசலுக்குப் புதுக் கண்ணாடியைத் திட்டலாமா?"

மூத்தவர் கல்லுளிமங்கன். மேல்துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"உங்களை அப்படிச் சொன்ன ஆளு இப்ப இல்ல மாமா. இவரு வேற. இவருக்கு நீங்கன்னா உயிரு. கண்ணு முழிச்சதும் அண்ணன் எங்கேன்னுதான் கேட்டாரு."

"கேட்டானா?"

"கேட்டாருங்க" என்று ஓரகத்தியும் நானும் ஒரே குரலில் சொன்னோம்.

அவர் முகம் இளகியது. காரியம் பழம் என்று நினைத்தேன். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "சரிம்மா. இவன் வேற ஆளு, ஒத்துக்கறேன். இவன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. அப்போ என்னை அப்படிச் சொன்னானே, அவன் எங்க?"

"அவர் போயிட்டாரு மாமா."

"போயிட்டானா? அதெப்படி? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமலா?" அவர் குரல் உடைந்தது. "எட்டு மாசமா நான் அவனுக்காகத்தான் உட்கார்ந்திருக்கேன். இன்னிக்கு வருவான், நாளைக்கு வருவான், அண்ணே, தப்பாப் பேசிட்டேன்னு சொல்லுவான்னு. நான் மன்னிக்கணும்னா அவனைத்தான் மன்னிக்க முடியும். ஒண்ணுமே பண்ணாத இந்தப் புள்ளைய மன்னிச்சு நான் என்ன செய்ய?"

என் தங்கையை ஒருவர் திருப்பி "அதெப்படி?" கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. படியேறும்போது அவள் சொன்னாள்: "இதை நான் வகுப்புல சொல்லணும்க்கா." அடிக்கலாம் போல வந்தது எனக்கு.

ஆக, ஞாபகத் தாத்தா எங்களைக் கைவிட்டார். இவருக்கு ஞாபகம் இருந்தபோது வீம்பு. ஞாபகம் போன பிறகு மன்னிப்புக் கேட்க ஆளே இல்லை. இது என்னடா கூத்து!

மாதக் கடைசி வந்தது. எதிர்வீட்டில் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஓரகத்தி பாத்திரங்களைத் துணியில் சுற்றிக்கொண்டே, "இதுல பாதி உன்னோடதுடி, எது எதுன்னு எனக்கே தெரியல" என்றாள். "எல்லாத்தையும் நீயே வச்சுக்க, ஒரு நாள் திருப்பிக் கேட்டு வருவேன்" என்றேன். சிரிக்கத்தான் சொன்னேன். இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டோம்.

என் வீட்டுக்காரரோ ஒன்றும் புரியாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். தங்கையும் கூட இருந்தாள். டாக்டர் குடையாதீர்கள் என்று சொன்னதற்காக நான் வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு பரிமாறினேன். இவர் சும்மா இருந்திருக்கலாம்.

"அண்ணன் வீடு மாத்துதாமே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டே திரியுது. ஏதோ அந்தப் பக்கம்தான் தப்பு இருக்கும், அதான் என்னைப் பார்க்க முடியல" என்றார், வாயில் கவளத்தோடு.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. கரண்டியை மேசையில் அறைந்தேன்.

"தப்பு அந்தப் பக்கமா? கேட்டுக்கங்க!" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. ஹோட்டல், விரல் அகலம், முதலாளி, வேலையாட்கள், கண்ணும் போச்சு, கணக்கும் போச்சு, தண்ணி, பலகை, மீசை, ஒன்று விடாமல் சொன்னேன். டாக்டராவது மண்ணாவது.

இவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "தண்ணி குடுன்னா சொன்னேன்?"

"சொன்னீங்க."

"அந்த முதலாளி நிக்கும்போதா?"

"நிக்கும்போதுதான்."

"அப்புறம் இந்த எட்டு மாசமா நான் போய்ப் பேசவே இல்லையா?"

"இல்ல."

முகம் வெளிறிப்போனது. எனக்குப் பயமாகிவிட்டது. தங்கை பதறி, "அத்தான், மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. உங்களுக்கு அது ஞாபகமே இல்ல. ஞாபகம் இல்லாததை நீங்க செஞ்சதாவே எடுத்துக்க முடியாதுன்னு ஒருத்தர் சொல்லியிருக்காரு, ரொம்பப் பெரிய ஆளு…" என்று தாத்தாவைக் கொண்டுவந்தாள்.

இவர் முழுக்கக் கேட்டார். தண்ணீர் குடித்தார். அப்புறம் சொன்னார்: "பெரிய மனுஷனாத்தான் இருப்பாரும்மா. ஆனா அவருக்கு என் வாயைத் தெரியாது."

அப்படியே கை கழுவிக்கொண்டு யாருக்கோ போன் பண்ணப் போய்விட்டார்.

மறுநாள் காலை வண்டி வந்தது. மூத்தவர் பக்கத்துச் சாமான்களை ஏற்ற ஆரம்பித்தார்கள். நான் கீழே இறங்கி வந்தால், கடைவாசலில், ஓரமாக, ஒரு முக்காலி. முக்காலியில் என் வீட்டுக்காரர். பக்கத்தில் எங்கள் வீட்டுப் பெரிய பானை, தட்டில் டம்ளர்கள். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தண்ணீர் மொண்டு நீட்டிக்கொண்டிருக்கிறார். மேசைக் கண்ணாடி வாங்க வந்த அம்மாவுக்குத் தண்ணீர். வண்டிக்காரருக்குத் தண்ணீர். நடுக்கத்துக்கு இரண்டு டம்ளர். பாதி சட்டையில் கொட்டியது.

அந்த நேரம் பார்த்து அந்த ஹோட்டல் முதலாளி வந்து இறங்கினார். "என்னங்க, உடனே வாங்கன்னு போன் பண்ணினீங்களே, என்ன விஷயம்?" என்றார். இவர் எழுந்து அவர் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்தார். "குடிங்க சார். நீங்க இருக்கணும்." முதலாளி ஒன்றும் புரியாமல் குடித்தார்.

மூத்தவர் உள்ளேயிருந்து வெளியே வந்தார். முக்காலியைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். நின்றுவிட்டார்.

"என்னடா பண்றே?"

"ஓரமா உட்கார்ந்து வர்றவங்களுக்குத் தண்ணி குடுக்கறேன்."

தெருவில் போன ஆட்கள்கூட நின்ற மாதிரி இருந்தது எனக்கு. மூத்தவர் கிட்டே வந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு தம்பியை உற்றுப் பார்த்தார்.

"ஞாபகம் வந்துடுச்சா?"

ஆமாம் என்று சொல்லித் தொலையுங்களேன் என்று என் மனசு கூவியது. ஒரே ஒரு பொய். அந்த மனிதர் எட்டு மாதமாகக் காத்திருக்கிற ஆள் வந்துவிட்டதாகச் சொன்னால் போதும், என் ஓரகத்தி இங்கேயே இருப்பாள். நான் நூறு பொய் சொன்ன வீட்டில் இவர் ஒன்று சொல்லக் கூடாதா?

"இல்லண்ணே" என்றார் இவர். "ஒண்ணும் வரல. எவ்வளவு யோசிச்சும் வரல."

மூத்தவர் முகம் வாடியது. திரும்பி நடக்கப் பார்த்தார்.

"ஆனா நான்தாண்ணே சொல்லியிருப்பேன்" என்றார் இவர். "என் வாய் எனக்குத் தெரியாதா? எனக்கு ஞாபகம் இல்ல, நான் இல்லன்னு தப்பிச்சுக்கலாம்னு என் கொழுந்தியா வழி சொல்லிக் குடுத்துது. முடியலண்ணே. அவன் வருவான்னு நீ காத்துக்கிட்டிருக்கே. அவன் வரமாட்டான், வீம்பு புடிச்ச பய. அவனுக்குப் பதிலா இல்ல, அவனாவே வந்திருக்கேன். சார் முன்னாலதானே சொன்னேன்? சார் முன்னாலயே கேட்டுக்கறேன். தப்புண்ணே. மன்னிச்சுடு."

குனிந்து பானையில் டம்ளரை முக்கி, தண்ணீர் சிந்தச் சிந்த நீட்டினார்.

மூத்தவர் அந்தத் தண்ணீரை வாங்கினார். நின்றபடியே ஒரு சொட்டு விடாமல் குடித்தார். மேல்துண்டால் வாயைத் துடைக்கிற மாதிரி கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் என்னைக் கேட்டியாமே?"

"ம்" என்றார் இவர்.

ஹோட்டல் முதலாளிக்கு இதற்குமேல் தாங்கவில்லை. தொண்டையைச் செருமினார். "வந்தது வந்துட்டேன். மேல்மாடி ஜன்னல் ரெண்டுக்குக் கண்ணாடி மாத்தணும். யாராவது வந்து அளவெடுத்துடுங்களேன்."

"அண்ணன் எடுக்கும்" என்றார் என் வீட்டுக்காரர், முக்காலியைவிட்டு எழாமல்.

"சாயங்காலம் வர்றேன் சார்" என்றார் மூத்தவர். அப்புறம் வண்டியைப் பார்த்துத் திரும்பினார். ஏற்றிக் கட்டியிருந்த ஆளுயரக் கண்ணாடியின் கயிற்றை அவிழ்த்தார். முன்முனையைப் பிடித்தார். நடுக்கம் ஓடிவந்து பின்முனையில் கைவைத்தார்.

"நீ விடப்பா" என்றார் மூத்தவர். "டேய், தண்ணி குடுத்தது போதும். வந்து புடி."

கண்ணாடி வண்டியிலிருந்து இறங்கி, எதிர்த்திசையில், கடைக்குள்ளே போனது. "படி." "ம்." "மேடு." "ம்." தடுப்புப் பலகைக்கு முன்னால் வந்ததும் நின்றார்கள். "இதை எவன்டா குறுக்க அடிச்சு வச்சான்?" என்றார் மூத்தவர். "நீதாண்ணே" என்றார் இவர். மூத்தவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி ஆடியது. கையை விட்டுவிடப் போகிறார்கள் என்று நான் கத்தினேன். விடவில்லை.

மாடியில் ஓரகத்தி கட்டிய மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "உன் பாத்திரத்தை எல்லாம் எடுத்துட்டுப் போடி, எனக்கு இடம் அடைக்குது" என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள், "மூக்கைத் துடை, புடவை பாழாகுது" என்று சொல்லிக்கொண்டே தானும் அழுதாள். முன்பணம் போனது போனதுதான். அந்தப் புதுக் கடையின் சொந்தக்காரன் கையை விரித்துவிட்டான். இரண்டு நாள் அதைப் பற்றிப் புலம்பினோம், விட்டுவிட்டோம்.

என் தங்கை இந்தக் கதையை வருஷா வருஷம் வகுப்பில் சொல்கிறாள். ஞாபகத் தாத்தா ஒரு பக்கம், என் வீட்டுக்காரர் வாய் மறுபக்கம் என்று பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்கிறார்களாம். யாரும் ஜெயித்தபாடில்லை.

இவருக்கு அந்த ஒரு வருஷம் இன்றுவரை திரும்பி வரவில்லை. ஆனால் கடைக்கு யார் வந்தாலும், அந்தப் பலகை இருந்த தடத்தைக் காட்டி, சண்டைக் கதையை இவரேதான் சொல்கிறார். "எங்கண்ணனைப் பார்த்து நான் சொன்னேன் பாருங்க" என்று ஆரம்பித்து, சொல்லாததையெல்லாம் சேர்த்து, கேட்கிறவர் காதைப் பொத்திக்கொள்கிற அளவுக்குத் தன்னையே கெட்டவனாக்கிக்கொள்வார். அப்போதெல்லாம் மூத்தவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டே உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்:

"டேய், அவ்வளவெல்லாம் நீ சொல்லலடா. எனக்கு ஞாபகம் இருக்கு."